மூன்றாம் கொட்டகையின் தண்ணீர்

நான்கு மணிக்கு மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

கால்நடை டாக்டர் அப்போது தீவன அறையின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் புதிதில்லை. இந்தப் பண்ணைக்கு வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை கேட்டதுதான்: முதலில் ஒரு இருமல், பிறகு சீரான உறுமல், குழாய்களில் தண்ணீர் ஏறும்போது சுவரில் உண்டாகும் மெல்லிய நடுக்கம். அதனால்தான் இரண்டு வரி எழுதும்வரை அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மூன்றாவது வரியில் பேனா நின்றது.

அது கொட்டகைகளுக்கு மட்டுமான மோட்டார். வீட்டுக்கு வேறு தொட்டி, வேறு குழாய். கொட்டகைச் சுவரில் வரிசையாகப் பொருத்தியிருக்கும் பித்தளை நிப்பிள்களைப் பன்றிகள் வாயால் அழுத்திக் குடிக்கும். குடித்தால் குழாயில் அழுத்தம் குறையும். குறைந்தால் மோட்டார் ஓடும். யாரும் ஸ்விட்சைத் தொட வேண்டாம். ஏதாவது ஒன்று குடித்தால் போதும்.

குடிக்க ஒன்றுமில்லை. நேற்று மதியத்தோடு மூன்று கொட்டகைகளும் காலி.

பண்ணைக்காரரின் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, மோட்டார் ஓடுதே?"

"நாலு மணி ஆயிடுச்சுல்ல" என்றாள் அக்கா, திரும்பாமலேயே. பிறகு அவள் கை கொடியிலேயே நின்றது. கையில் இருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை இன்னொரு முறை பிழிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மோட்டார் நாற்பது நிமிடம் ஓடி நின்றது.

நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகள். முதல் கொட்டகையில் காதெல்லாம் ஊதாவாகி, கால் பின்னி விழுந்து கிடந்தவை. இரண்டாவதில் அப்போதுதான் தீவனத்தை ஒதுக்கத் தொடங்கியவை. மூன்றாவதில் எந்தக் குறையும் இல்லாத நூற்று நாற்பது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்து, பின்பக்கக் குழியில் சுண்ணாம்பும் மண்ணும் மூடின. இந்தப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. பரவாமல் தடுப்பது ஒன்றே வழி. தடுப்பது என்றால் கொல்வது. சுற்றுவட்டாரத்தில் இருபத்து மூன்று பண்ணைகள் ஏற்கெனவே காலி. இறைச்சிக் கடைகளின் ஷட்டர் இறங்கி ஒரு மாதமாகிறது. தீவன லாரி ஓட்டியவர்கள் வேறு ஊருக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். பன்றியை நம்பி வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எல்லாரும் இப்போது நஷ்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் வரிசையில் நின்றார்கள். இந்தப் பண்ணைக்காரர் படிவத்தைப் படிக்கக்கூட இல்லை. எங்கே என்று கேட்டார், போட்டார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கொல்லும் குழு, சாமான்களோடு மூடிய வண்டியில் அடுத்த பண்ணைக்குப் போய்விட்டது. செத்த இடத்திலிருந்து சாகப்போகிற இடத்துக்கு. கழுவுவதையும் கிருமிநாசினி தெளிப்பதையும் மேற்பார்வை பார்த்துக் கையெழுத்திட ஒரு டாக்டர் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. இருபத்தொரு நாள். கேட்டுக்கு வெளியே பூட்டு. கேட்டின் உள்பக்கம் தரையில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு. கேட்டுக்கு அப்பால் சாலையைக் குறுக்காக வெட்டி மருந்துத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அதற்கும் அப்பால் ஒரு கூடாரம், ஒரு காவல்காரர். சாப்பாட்டுச் சாமான் கூடையில் வரும். கூடை திரும்பிப் போகாது, எரிக்கப்படும். உள்ளே வந்தது எதுவும் வெளியே போகாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் மறுபடி ஓடியது. மாலை நான்குக்கும்.

குழாய் எங்கேயோ உடைந்திருக்கும் என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். உடைந்த குழாய் மணி பார்த்து ஒழுகுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

மூன்றாம் நாள், முதல் கொட்டகையில் அக்கா தரை சுரண்டுவதைப் பார்த்துவிட்டு, அப்படியே மூன்றாம் கொட்டகைக்கு நடந்தாள். வாசலில் கால் நனைக்கும் தொட்டி இருந்தது. பூட்ஸோடு இறங்கி, மருந்தில் நின்று, பிறகுதான் உள்ளே போக வேண்டும். இதைக் கட்டுரையாகவும் பாடமாகவும் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தொட்டியைத் தாண்டி நடந்தாள். காலியான இடத்துக்கு எதற்கு?

உள்ளே வெளிச்சம் சன்னல் சட்டங்களின் வழியாகப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள், யாரும் மிதிக்காத மாவு போல. ஈரம் இல்லை. ஒரு நிப்பிளின் அடியில்கூட இல்லை. அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பித்தளை குளிர்ந்து, நுனியில் ஒரு துளி மட்டும் தொங்கியது, குழந்தை வாயிலிருந்து எடுத்த பால் புட்டியைப் போல. மூக்கில் சுண்ணாம்பின் காரம் ஏறியது. அந்தக் காரத்துக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. பிண வாடை இல்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தீவனமும் வைக்கோலும் சூடான தோலும் கலந்த வாசனை. வயிறு நிறைந்து படுத்திருக்கும் பன்றிகளின் வாசனை.

திரும்பிப் பார்த்தாள். வாசலிலிருந்து அவள் நிற்கும் இடம் வரை பூட்ஸ் தடம். அவளுடையது மட்டும்.

வெளியே வந்து மூன்றாம் கொட்டகைக் குழாயின் மீட்டரைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு லிட்டர். தீவன அறையில் பண்ணைக்காரரின் பதிவேடு இருந்தது. தேதி, தீவனம், தண்ணீர் என்று அழகான கையெழுத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தார். மூன்றாம் கொட்டகைப் பக்கத்தை விரித்தாள். ஆயிரத்து நூறு. ஆயிரத்துத் தொண்ணூறு. ஆயிரத்து நூறு.

அவள் பதிவேட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்து, அதன்மேல் ஒரு தீவனப் பையையும் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளைத் தின்றுகொண்டிருந்தது ஒன்று உண்டு. பன்றிகளைக் கொன்ற இரண்டாம் நாள் காலை, வேலை தொடங்கும் முன், தண்ணீர்த் தொட்டியின் அருகே, போன் சிக்னல் எட்டுகிற ஒரே இடத்தில் நின்று, பரிசோதனைக்கூடத்தின் செய்தியைப் படித்தாள். மூன்றாம் கொட்டகையின் ரத்த மாதிரிகள் அத்தனையும் சுத்தம். பண்ணைக்காரர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். "மூணாவது ஷெட்ல ஒண்ணுகூட இருமலையேம்மா" என்றார். "அதுங்களை விட்டுடலாமே. பூட்டி வெச்சுக்கறேன். நானும் உள்ளயே கிடக்கறேன்." டாக்டர் போனைப் பைக்குள் போட்டாள். "ஒரு பண்ணைன்னா முழுசும்தாங்க ஐயா. சட்டம் அப்படி." அது பொய்யில்லை. செய்தியைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அவள் சொல்லவில்லை.

நான்காம் நாள் மதியம் மூன்றாம் கொட்டகைக்குப் போகும் வால்வை இறுக மூடினாள். மணி நான்கானது. மோட்டார் ஓடவில்லை. மேசையருகே உட்கார்ந்திருந்த அவளுக்கு நிம்மதி மூச்சு வந்தது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளக்கூடத் தோன்றியது. வெயில் தகரக் கூரைகளின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. காக்கைகூட இல்லாத அமைதி.

டக்.

மூன்றாம் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. பித்தளையைப் பல் இடிக்கும் சத்தம்.

டக். டக்.

பிறகு வரிசை முழுக்க, முன்னும் பின்னுமாக, அவசரமாக, கோபமாக இல்லாமல், குழம்பிப்போனவை போல. தண்ணீர் வராத நிப்பிளை மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்கும் சத்தம். டாக்டரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கும் பண்ணைக்காரர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய், குனிந்து வால்வைத் திறந்தார். மோட்டார் இருமி உறுமியது. சத்தம் அடங்கியது.

அவர் அவளைக் கடந்து போகும்போது நின்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"தாகமா இருக்கும்லம்மா."

அன்று மாலை தண்ணீர்த் தொட்டியடியில் நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.

"சார், எனக்கு முடியல. வேற யாரையாவது போடுங்க."

"காய்ச்சலா?"

"இல்ல சார். இங்க ஏதோ..." என்ன சொல்வது? மோட்டார் ஓடுகிறது என்றா? "தூக்கம் இல்ல சார்."

"யாருக்கும்மா தூக்கம் இருக்கு? உங்களை வெளிய எடுத்தா, மிச்சம் இருக்கற பண்ணைக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்க செருப்புல ஒரு துளி ஒட்டிட்டு வந்தா போதும், இன்னும் ஆயிரம் உருப்படி போயிடும். நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

பிறகு வீட்டுக்குப் பேசினாள். கணவன் வழக்கம்போல, "பன்னி வாசனையோட வந்தா வாசல்லயே நிக்க வெச்சுப் பைப்பால அடிப்பேன்" என்றான். அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் சிரித்த வாய் மூடாமல் அப்படியே நின்றாள். முதுகுக்குப் பின்னால் மோட்டார் நின்றது. குடித்து முடித்துவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பின் அவள் வால்வைத் தொடவில்லை. ஏழு மணியும் நான்கு மணியும் வந்து போயின. மனித மனம் எதற்கும் பழகிவிடும். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவள் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கவே செய்தாள், வந்ததும் நிம்மதிகூட அடைந்தாள். அக்கா தினமும் இரண்டு வாளி தீவனத்தோடு கொட்டகைப் பக்கம் போவதையும் வெறும் வாளிகளோடு வருவதையும் பார்த்தும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மீட்டர் தொள்ளாயிரத்து அறுபது காட்டியது.

ஒன்பதாம் நாள் எழுநூறு.

அவள் மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து மறுபடி பார்த்தாள். ஒழுகும் குழாய் தானாகக் குறையாது. குறையும் தண்ணீருக்கு அவள் தொழிலில் ஒரே ஒரு பொருள்தான். முதல் கொட்டகைப் பக்கத்திலும் இப்படித்தான் இறங்கியிருந்தது, நோய் வெளியே தெரிவதற்கு முந்தைய நாள்களில். முதலில் கொஞ்சம். பிறகு கால்வாசி. பிறகு பாதி. காய்ச்சல் ஏறினால் எழுந்து போய்க் குடிக்கத் தெம்பிருக்காது.

மூன்றாம் கொட்டகை சுத்தமாக இருந்தது. ஆய்வுக்கூடமே சொன்னது. செத்த பிறகும் சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

முதல் கொட்டகையிலிருந்து நேராக. மருந்தில் இறங்காமல், தொட்டியைத் தாண்டி. தண்ணீர் குறையத் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்னால். நோய் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கணக்கும் அதுதான்.

பூட்ஸைக் கழற்றி மருந்தில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தாள். அடிப்பகுதியின் ஒவ்வொரு பள்ளமாக, நகத்தால், குச்சியால். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கைத்தோல் எரிந்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

பிறகு வெறுங்காலோடு கேட்டை நோக்கி நடந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கம்பியைப் பிடித்தாள். கூடாரத்திலிருந்து காவல்காரர் வெளியே வந்தார். அரட்டைக்காரர், வந்த முதல் நாள் அவளிடம் தன் மகளின் படிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியவர்.

"அண்ணா, கேட்டைத் திறங்க. அஞ்சே நிமிஷம். சும்மா ரோட்டுல நின்னுட்டு வந்துடறேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். கர்ச்சீப்பால் மூக்கை மூடினார்.

"மேடம், கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க."

"அண்ணா..."

"தயவுசெஞ்சு போங்க மேடம். என் மச்சானும் பண்ணைதான் வெச்சிருக்கான்." அவர் கை ஓரத்தில் சாய்த்திருந்த தடியைத் தேடியது. அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை. கொட்டகைக் கதவைத் திறக்கும்போது அவளுடைய குழுவினர் கண்ணில் அவள் பார்த்த அதே அருவருப்பு.

அவள் கோட்டுக்கு உள்ளே வந்தாள்.

பத்தாம் நாள் மாலை மோட்டார் சில நொடிகள் ஓடி, ஏதோ தொண்டையில் சிக்கியதுபோல நின்றது. அக்கா வந்தாள். தலை வாரி, கை கழுவி, தோளில் சுத்தமான துண்டோடு, வீட்டுக்கு டாக்டர் வரும்போது நிற்பதைப் போல நின்றாள்.

"டாக்டரம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன். ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

"யாரு, ஐயாவா?"

அக்கா அவளையே பார்த்தாள். வாளியின் மேல் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரரும் தலையைத் தூக்கினார்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா" என்றாள் டாக்டர். "நானே எண்ணி, நானே எழுதினேன்."

"நீங்க டாக்டர்தானே?" அக்கா கெஞ்சினாள். "வந்து பார்த்துட்டாவது சொல்லுங்க. எனக்கு மனசு கேக்கல."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கே இருப்பது? தீவன அறையிலும் மோட்டார் கேட்கும், தொட்டியடியிலும் கேட்கும், கேட்டில் தடியோடு ஒருவர் நிற்கிறார். உள்ளே போய், கதவைத் திறந்து, வெறும் தரையை இவர்களுக்கும் தனக்கும் காட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டாள். இந்த முறை தொட்டியில் இறங்கி நெடுநேரம் நின்றாள்.

கதவு உள்பக்கம் திறந்தது. நான்கு மணி வெயில் சட்டங்களின் வழியே சாய்ந்து விழுந்தது. சுண்ணாம்பில் அவளுடைய பழைய தடம். அதன் இருபுறமும், அக்கா சன்னல் வழியே வீசிய தீவனம் குவியல் குவியலாக, தொடாமல், பூஞ்சை பிடித்து. வேறொன்றும் இல்லை. அவள் நடுப்பகுதி வரை நடந்தாள்.

"பாருங்கக்கா" என்று திரும்பினாள். "ஒண்ணும்..."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, மெதுவாக, தூங்கும் குழந்தையின் அறையைச் சாத்துவதுபோல.

"அக்கா! அக்கா, என்ன பண்றீங்க?"

"கொஞ்ச நேரம் இருங்கம்மா." கதவுக்கு அந்தப் பக்கம் குரல் தணிந்து வந்தது. "பக்கத்துல ஒருத்தர் இருந்தா அதுங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

"கதவைத் திறங்க! இதுக்கு மருந்தே கிடையாதுக்கா! நான் என்ன பண்ண முடியும்?"

காலடிகள் விலகிப் போயின.

அவள் கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். அடுத்த அடி வைக்க முடியவில்லை. முழங்காலில் ஏதோ தட்டியது. கீழே பார்த்தாள். வெறும் காற்று. வெறும் சுண்ணாம்பு.

சூடு.

இடது காலில் முதலில். தோலோடு தோல் ஒட்டினால் வரும் சூடு, பேண்ட் துணியைத் தாண்டி. நாற்பத்தொரு டிகிரி. அவள் கை அந்தச் சூட்டை ஆயிரம் முறை அளந்திருக்கிறது. பிறகு வலது காலில். பிறகு பின்னால். கனத்தோடு. முழு உடலும் சாய்ந்த கனம்.

காய்ச்சல் கண்ட பன்றிகள் தனியாகக் கிடக்காது. குளிர் தாங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிடைக்கிற சூட்டைத் தேடிக் குவியும்.

மூச்சு. அவள் விரல்களின் மேல். ஈரமாக. வேகமாக.

"நான்தான்" என்றாள். யாரிடம் சொல்கிறாள்? "நான்தான் கொண்டாந்தேன்."

ஒன்றும் விலகவில்லை. இன்னும் நெருங்கின. துணி முழங்காலில் அமுங்கியது. தொடையில் அமுங்கியது. நான்கு பக்கமும். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகி உடம்போடு ஒட்டிக்கொண்டன. அவளைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பு ஒரு துகள்கூடக் கலையவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தாள். நெஞ்சு விரியவில்லை. இடுப்புவரை ஏறியிருந்தது சூடு. விலாவில் ஏதோ தாடையை வைத்து முனகியது.

கால்கள் தளர்ந்தன. அவள் விழவில்லை. விழ இடமில்லை. பாதங்கள் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தன. வெயில் பட்டைகளின் நடுவே, எதன்மேலும் இல்லாமல், பக்கவாட்டில் சாய்ந்து நின்றாள்.

கொட்டகையின் தூர மூலையிலிருந்து, காலை இழுத்து இழுத்து, இன்னும் வந்துகொண்டிருந்தன.